டி.வி.யில் இருந்த கக்கூஸ்

காலையில் பசியாறும்போது அகதா கோப்பி குடிக்க மாட்டாள். ரொட்டியை வெறுமனே மென்று விழுங்கிவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். அங்கே தொண்டை வறண்டு போனாலும் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் போக வேண்டி வரும். போவதென்றால் அந்தக் கக்கூஸுக்குத்தான் போக வேண்டும். லெம்பா தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்த பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் இந்தக் கணக்கு தெரியும். வாய்ப்பாடு வராத பிள்ளைகூட இதில் தப்பு விடாது.

அந்தக் கக்கூஸைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல வழியில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டாவது கேளுங்கள். பலகைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், ரப்பர் மரத்து ஒட்டுப்பாலைச் சேர்த்து வைக்கும் கொட்டகையை ஒட்டி அது நின்றது. குழி எப்போதோ நிரம்பிவிட்டது. மழை பெய்தால் உள்ளே இருப்பது வாசல் வரைக்கும் வரும். வெயில் அடித்தால் அதில் புழு வைக்கும். கால் வைக்கிற மேடையிலேயே வெள்ளை வெள்ளையாக நெளிந்துகொண்டிருக்கும். தொட்டியில் தண்ணீர் கிடையாது, குழாயைத் திருகினால் காற்று வரும். ஒட்டுப்பால் நாற்றமே புதிதாக வருகிறவனின் குடலைப் பிடுங்கிவிடும். இந்த நாற்றத்துக்கு அது எவ்வளவோ தேவலாம்.

தோட்டத்து ஆபீசில் கேட்டால், பள்ளிக்கூடம் அரசாங்கத்தோடது என்பார்கள். அரசாங்கத்தைக் கேட்டால், நிலம் தோட்டத்தோடது என்பார்கள். ஒருத்தரை ஒருத்தர் கை காட்டிக்கொண்டிருந்ததில் குழி நிரம்பியதுதான் மிச்சம்.

அகதாவுக்காவது பன்னிரண்டு வயது, அடக்கத் தெரியும். தங்கை ஜோனுக்கு அப்போதுதான் ஏழு, ஒன்றாம் வகுப்பு. அடக்கி அடக்கி ஒருநாள் வகுப்பிலேயே கவுனை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பிறகு காய்ச்சல் வந்தது. ஒன்றுக்குப் போகும்போதெல்லாம் எரியுது எரியுது என்று அலறியது. கோலா கங்சார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். "பிள்ளை அடக்கி வைக்கக் கூடாது, நிறையத் தண்ணி குடிக்கணும்" என்று சொல்லி மருந்து கொடுத்து அனுப்பினார் டாக்டர்.

"அவருக்கென்ன லா, சொல்லிட்டுப் போயிருவாரு" என்றார் அப்பா யேசுதாசன். "அவரு கக்கூஸுல புழுவா இருக்கு?"

அன்றிலிருந்து அகதாவின் மனதில் ஒரே ஒரு ஆசைதான். தான் ஆறாம் வகுப்பு முடித்துப் போவதற்குள், ஜோன் பயப்படாமல் போய்வர ஒரு கக்கூஸ் வந்துவிட வேண்டும். மற்ற பிள்ளைகள் சைக்கிளுக்கும் பொம்மைக்கும் வேண்டிக்கொண்டார்கள். இந்தப் பெண் மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்கால் போட்டுக் கக்கூஸ் கேட்டாள்.

அது எண்பத்தாறாம் வருஷம். ஈப்போவில் ஒரு கல்விச் சங்கம் இருந்தது. வருஷத்துக்கு ஒரு தமிழ்ப்பள்ளிக்குக் கட்டட உதவி செய்வார்கள். வீடு வீடாக வீடியோ மோகம் பிடித்திருந்த நேரம் அது, சங்கத்தாரையும் விடவில்லை. 'எங்கள் பள்ளி' என்று ஒரு வீடியோப் போட்டி வைத்தார்கள். பிள்ளைகளே படம் பிடிக்க வேண்டும், பிள்ளைகளே வெட்டிச் சேர்க்க வேண்டும். முதல் பரிசு கலர் டி.வி.யும் வீடியோ டெக்கும். அந்த வருஷத்துக் கட்டட உதவி யாருக்கு என்பதையும் அந்தப் படங்களைப் பார்த்தே முடிவு செய்வார்களாம்.

ஆறாம் வகுப்பு ஐவி டீச்சர் உடனே பிடித்துக்கொண்டார். கக்கூஸ் வேண்டுமென்று சங்கத்துக்கு ஒரு மனுவும் எழுதிப் போட்டார். அவருடைய சித்தப்பா மகன் பெர்னார்ட் ஈப்போவில் கல்யாண வீடியோ எடுக்கிறவன். அவனைச் சனிக்கிழமைதோறும் தோட்டத்துக்கு வரவழைத்தார். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். ஒருத்தர் தோளில் கேமரா, இன்னொருத்தர் தோளில் டேப் ஓடுகிற பெட்டி, இரண்டுக்கும் நடுவில் ஒரு வயர். கேமராக்காரன் ஓடினால் பெட்டிக்காரனும் கூடவே ஓட வேண்டும். பத்துமலை என்ற பையன் கோழியைத் துரத்திப் படம் பிடிக்கப் போய், பெட்டியைத் தூக்கியிருந்தவனையும் இழுத்துக்கொண்டு கால்வாயில் விழப் பார்த்தான். கிட்டத்தில் இழுத்துக் காட்டுகிற பொத்தான் ஒன்று இருப்பது தெரிந்ததும் அத்தனை பேரும் அதையே அமுக்கினார்கள்.

"டேய், போதும்டா சாமி" என்று பெர்னார்ட் தலையில் கைவைத்துக்கொண்டான். "பாக்குறவன் வாந்தி எடுத்துருவான்."

அகதா மட்டும் அந்தப் பொத்தானைத் தொடாமல் நின்ற இடத்தில் நின்று பிடித்தாள். படத்தில் நாற்றம் வராது என்பதை முதலில் யோசித்தவளும் அவள்தான். நாற்றம் வராதென்றால் புழுவைக் கிட்டப் போய்க் காட்ட வேண்டும். மூக்கைச் சுற்றிக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, பத்துமலையைப் பெட்டியோடு வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனாள். உடைந்த மேடை, காய்ந்த தொட்டி, சுவரில் பூசிக் கிடந்தது, குழியில் கொதிக்கிற சோறு மாதிரி மேலும் கீழும் புரண்டது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் பிடித்தாள். வெளியே வந்து கேமராவைப் பத்திரமாகக் கொடுத்துவிட்டு, செம்பருத்திச் செடி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள்.

ஐவி டீச்சர் முதுகைத் தடவிக்கொடுத்தார். "நல்ல காரியம் செஞ்சேடி. இதப் பாத்துட்டு எவனும் சும்மா இருக்க முடியாது. இந்தத் தடவ நமக்குக் கக்கூஸ் வந்துரும், பாரு."

அடுத்த சனிக்கிழமை தோட்டத்து லோரியில் ஈப்போவுக்குப் போனார்கள். வெட்டிச் சேர்க்கப் பழகும் பாடம் பெர்னார்டின் கடையில்தான். கீழே சீனன் கோப்பிக் கடை, மேலே பெர்னார்டின் அறை. பெரிய வாத்தியார் சதாசிவமும் கூடவே வந்தார். அவர்தான் தலைமையாசிரியர். சட்டைப் பையில் இரண்டு பேனா, நெற்றியில் பட்டை விபூதி, எப்போதும் யாரோ தன்னைப் படம் எடுக்கிற மாதிரி ஒரு நிமிர்வு.

அகதா அறைக்குள் நுழைந்ததும் தேடியது கக்கூஸைத்தான். திறந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். தரை, சுவர் எல்லாம் வெள்ளை ஓடு. சங்கிலியை இழுத்தால் தண்ணீர் சோவென்று கொட்டியது. ஒரு ஈகூட இல்லை. வெளியே வந்து கோப்பிக் கடையில் வாங்கித் தந்த சிரப் தண்ணியை மடக்மடக்கென்று குடித்தாள். மறுபடியும் போனாள். மறுபடியும் குடித்தாள்.

"என்ன பாப்பா, வயிறு சரியில்லையா?" என்று பெர்னார்ட் கேட்டான்.

"இல்லண்ணே. நல்லா இருக்கு" என்றாள் அகதா.

மேசைமேல் இரண்டு டெக். ஒன்றில் பிடித்த டேப் ஓடும். மற்றதில் வெற்று டேப், பதிவுப் பொத்தானை அமுக்கி நிறுத்தி வைத்திருக்க வேண்டும். வேண்டிய காட்சி வருவதற்கு ஒரு நொடி முன்னாலேயே விரலை எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் டெக்குக்கும் மூச்சு விட நேரம் வேண்டும். வேண்டாதது வந்தால் திரும்ப நிறுத்திவிட வேண்டும். பெர்னார்ட் தொழில் ரகசியமும் சொல்லிக்கொடுத்தான். அவனிடம் ரோஜாப்பூ மட்டுமே பிடித்த ஒரு டேப் இருந்தது. கல்யாணத்தில் சம்பந்திகள் சண்டை போட்டால், மாப்பிள்ளையின் மாமன் குடித்துவிட்டு விழுந்தால், அந்த இடத்தில் ரோஜாவை ஓட்டி மேலே நாதஸ்வரம் போட்டுவிடுவான்.

"அசிங்கம் வந்துச்சா, ஒரு பூவப் போடு" என்றான். "நான் எடுத்த கல்யாணத்துல யாரும் சண்ட போட்டதே இல்ல, தெரியுமா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். டேப் ஓடியது. கொடியேற்றம், வகுப்பறை, கோழி. பிறகு அகதா பிடித்த கக்கூஸ்.

சதாசிவம் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "சீ! என்ன கண்றாவி இது? நிறுத்து, நிறுத்து!"

"நம்ம ஸ்கூல் கக்கூஸ்தான் சார்" என்றார் ஐவி டீச்சர். "தெனமும் பிள்ளைங்க போறது. நீங்க உள்ள போனதில்லையா?"

போனதில்லைதான். பெரிய வாத்தியார் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியின் வீட்டுக்கு நடந்து போய்விட்டு வருவார். பள்ளிக்கூடத்துக் கக்கூஸை அவர் பார்த்தே வருஷக்கணக்காகிறது. பிள்ளைகள் அதில் போகலாம், அதைப் படத்தில் பார்த்தால் மட்டும் இவருக்குக் குமட்டும். என்ன மனுஷனோ!

"ஈப்போவுல அத்தன பெரிய மனுசங்க முன்னால நம்ம பீயக் கொண்டு போயிக் காட்டச் சொல்றீங்களா டீச்சர்? தமிழன்னாலே இப்படித்தான்னு சொல்ல மாட்டான்? மானம் போயிரும்."

"காட்டுனாத்தானே சார் கட்டித் தருவாங்க?"

"நாறிக் கெடக்குறவனுக்கு எவன் குடுப்பான்? நல்லா வச்சிருக்கிறவனப் பாத்துத்தான் இன்னும் குடுப்பான். உங்களுக்கு ஒலகம் தெரியல."

பெர்னார்ட் மெதுவாக ரோஜா டேப்பை எடுத்தான். சதாசிவம் கையை ஆட்டினார். "பூவப் போட்டா கக்கூஸே இல்லேன்னு நெனப்பானுங்க." சொல்லிவிட்டு அவரே பெர்னார்டின் கக்கூஸுக்குப் போனார். சங்கிலி இழுக்கிற சத்தம் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வரும்போது முகமெல்லாம் சிரிப்பு.

"பெர்னார்ட், உன் கக்கூஸப் புடி. அருமையா இருக்கு. நான் அங்க கதவுக்குப் பெயிண்டு அடிச்சு வைக்கிறேன். நம்ம கதவு, உன்னோட உள்ளாற. எவனுக்குத் தெரியப் போவுது?"

"புது டேப்பு எடுக்கிறேன் சார்."

"புதுசு எதுக்கு? அந்தக் கண்றாவி மேலேயே புடி, அது அழிஞ்சு போவட்டும். அது எவன் கையிலயும் சிக்கக் கூடாது."

ஐவி டீச்சர் வேண்டாம் என்று மன்றாடினார். அப்படியானால் போட்டிக்கே அனுப்பப்போவதில்லை என்றார் சதாசிவம். பள்ளியின் முத்திரை அவர் மேசை இழுப்பறையில் இருந்தது, டீச்சர் என்ன செய்ய முடியும்? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெரிய வாத்தியார் குனிந்து அகதாவின் தலையில் கைவைத்தார்.

"பாரு பாப்பா. படம் நல்லா இருந்தாப் பரிசு. பரிசு வந்தா ஸ்கூலுக்குப் பேரு. பேரு வந்தப்புறம் கக்கூஸு கேட்டா இல்லேம்பானா? நீ கெட்டிக்காரி, நீயே புடி."

அகதாவுக்கு அவர் சொன்னது பாதி சரி என்று பட்டது. மீதிப் பாதியில் வேறொரு ஆசை இருந்தது. இங்கே ஒரு கதவு, அங்கே ஒரு அறை, இரண்டையும் ஒன்றாகக் காட்ட முடியுமா என்று பார்க்க அவள் விரல் துடித்தது. டேப்பைப் பின்னால் ஓட்டினாள், புழு வந்த இடத்தில் நிறுத்தினாள், வெள்ளை ஓடுகளைப் பிடித்தாள். பத்துமலை சங்கிலியை இழுக்க, தண்ணீர் கொட்டியது. அவள் பிடித்துவிட்டு வாந்தி எடுத்த படத்தின் மேலேயே கொட்டியது.

அந்த வாரம் தோட்டத்தில் கதவுக்கு நீலப் பெயிண்ட் ஏறியது. கதவுக்கு மட்டும்தான். பெரிய வாத்தியார் சும்மா விடுவாரா? நிலையில் மாவிலைத் தோரணமும் கட்டச் சொன்னார். கோயிலுக்குக் கட்டுகிறதைப் பீக்குழிக்குக் கட்டிய ஆள் உலகத்தில் இவர் ஒருத்தராகத்தான் இருப்பார். அகதா கதவைத் தள்ளுகிற மாதிரியும், பிறகு சிரித்தபடி வெளியே வந்து கையை உதறுகிற மாதிரியும் பத்துமலை பிடித்தான். சிரிக்கும்போது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஈ உதட்டில் உட்கார்ந்ததால் இரண்டாவது தடவையும் எடுக்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமை ஈப்போவில் அவளே சேர்த்தாள். நீலக் கதவில் கை படுகிறது, கதவு உள்ளே போகிறது, நிறுத்து. விரலை எடு. வெள்ளை ஓடு. தண்ணீர். நிறுத்து. மறுபடி கதவு, சிரிப்பு. ஓட்டிப் பார்த்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். ஒட்டுத் தெரியவே இல்லை. உண்மை தெரிந்த அவளே ஒரு நொடி நம்பிவிட்டாள். அடடா, இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே, பேசாமல் இங்கேயே போயிருக்கலாமே என்று நினைத்துவிட்டு, பிறகு வெட்கப்பட்டாள்.

"மச்சான், பொண்ணு கைல தொழில் நிக்குதுடா" என்று பெர்னார்ட் தன் கூட்டாளியிடம் பெருமையாகச் சொன்னான்.

பரிசளிப்பு ஈப்போ மண்டபம் ஒன்றில் நடந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இஸ்திரி போட்ட உடுப்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். படங்களைப் போட்டுக் காட்டினார்கள். பாகான் செராய்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் படம் முதலில் வந்தது. கேமரா ஆடியது, ஆட்களின் தலை வெட்டுப்பட்டது. வயல் தண்ணீர் வகுப்பறைக்குள் நின்றது. கக்கூஸ் வாசலில் தொங்கவிட்ட சாக்குத் துணியை ஒரு பையன் விலக்கிக் காட்ட, மண்டபமே 'ஐய்யே' என்றது. வெறும் படத்தைப் பார்த்துவிட்டுப் பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்கள்.

"மானங்கெட்டவனுங்க" என்று சதாசிவம் சிரித்தார்.

லெம்பா தோட்டத்துப் படத்துக்குக் கைதட்டல் அடங்கவே இல்லை. முதல் பரிசும் கிடைத்தது. சதாசிவம் மேடையில் பொன்னாடை போர்த்திக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். சங்கத்தின் செயலாளர் ஒலிபெருக்கியைத் தன் பக்கம் இழுத்தார்.

"இந்த வருஷத்துக் கட்டட உதவி பாகான் செராய்ப் பள்ளிக்குப் போகுது. லெம்பா தோட்டத்துலேருந்தும் கக்கூஸ் கட்டணும்னு மனு குடுத்திருந்தாங்க. ஆனா டைல்ஸ் போட்டு, சங்கிலி வச்ச கக்கூஸ நாமளே இப்போ கண்ணால பாத்தோம். என் வீட்டுல கூட அப்படி இல்ல! இல்லாதவங்களுக்குத்தானே லா முதல்ல குடுக்கணும்?"

மண்டபம் சிரித்துக் கைதட்டியது. சதாசிவமும் தட்டினார். தன் பள்ளியின் வாயில் மண் விழுந்ததற்குத் தானே கைதட்டினார்.

அவர் மேடையை விட்டு இறங்கியதும் ஐவி டீச்சர் வழியை மறித்துக்கொண்டார். "போயிச் சொல்லுங்க சார். அது நம்ம கக்கூஸ் இல்லேன்னு சொல்லுங்க."

"பைத்தியமா உங்களுக்கு? டி.வி.யப் புடுங்கிட்டுப் போயிருவானுங்க. என் பேரு என்னாவறது?"

டீச்சர் பெர்னார்டிடம் ஓடினார். "டேய், அந்தப் பழைய படம்! புழு இருக்கிற படம்! அத எடுத்துட்டு வா, செயலாளர்கிட்ட நானே காட்டுறேன்."

பெர்னார்ட் தரையைப் பார்த்தான். "அது மேலதானக்கா புடிச்சோம். அது இப்போ இல்ல."

பக்கத்தில் நின்ற அகதாவுக்கு எல்லாம் காதில் விழுந்தது. கேமராவைப் பிடித்த கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. மண்டபத்தின் குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். பெரிய வாத்தியார் வெளியே டி.வி. பெட்டியை லோரியில் ஏற்றச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். பெட்டிக்கு அடி படக் கூடாதென்று பிள்ளைகளை ஓரமாக ஒடுங்கி நிற்கச் சொன்னார். தூ!

அடுத்த மாதம் பள்ளியில் பெற்றோர் நாள். டி.வி.க்கு மாலை போட்டு, குங்குமம் வைத்து, மேடையில் நிறுத்தியிருந்தார்கள். பால்மரக் காட்டிலிருந்து வேலை முடிந்து குளித்துவிட்டு வந்த சனங்கள் தரையில் உட்கார்ந்தார்கள். சதாசிவம் ஈப்போவில் தான் நின்ற விதத்தையும் அங்குள்ளவர்கள் வாயைப் பிளந்த விதத்தையும் நீட்டி முழக்கிவிட்டு டேப்பைப் போட்டார். தங்கள் பிள்ளைகளை டி.வி.யில் பார்த்த சந்தோஷத்தில் ஆட்கள் விசில் அடித்தார்கள். நீலக் கதவு வந்தது. வெள்ளை ஓடு வந்தது. கக்கூஸை நன்றாகத் தெரிந்த சனம் ஒரு கணம் விழித்தது. பிறகு யாரோ ஒருத்தர் கைதட்ட, எல்லாரும் சேர்ந்து தட்டினார்கள். பரிசு வாங்கிய படத்தைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்?

யேசுதாசன் மட்டும் கைதட்டவில்லை. திரும்பி மகளைப் பார்த்தார். அகதா முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அவள் சட்டையை யாரோ இழுத்தார்கள். ஜோன். கால் இரண்டையும் பின்னிக்கொண்டு, கண் டி.வி.யை விட்டு நகராமல் நின்றது.

"அக்கா, அந்தக் கக்கூஸு எங்க இருக்கு? எனக்கு வருதுக்கா. அங்க கூட்டிட்டுப் போ."

அகதா எழுந்தாள். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு கட்டடத்துக்குப் பின்னால் நடந்தாள். நீலப் பெயிண்ட் அதற்குள் உரிந்து கொண்டிருந்தது. மாவிலை கருகித் தொங்கியது. ஈக்கள் மட்டும் புதிதாக இருந்தன. படத்தில் தள்ளிய அதே இடத்தில் கையை வைத்துக் கதவைத் தள்ளினாள்.

ஜோன் எட்டிப் பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் வந்துவிட்டது. "இது இல்லக்கா. வெள்ளையா இருந்துச்சே, அது."

"அது இங்க இல்ல, ஜோன்."

"நீ இந்தக் கதவத் தொறந்துதானே உள்ள போனே? நான் பாத்தேனே."

"அது நெசம் இல்லடி. அது அக்கா செஞ்சது."

ஜோன் நம்பிக்கையோடு அவள் முகத்தைப் பார்த்தது. அக்காவால் முடியும் என்று அதற்குத் தெரியும். டி.வி.யில் எல்லாரும் கைதட்டினார்களே.

"அப்போ இங்கயும் செய்யேன்க்கா" என்றது. "சீக்கிரம் செய். தாங்க முடியல."

உள்ளே மறுபடியும் கைதட்டினார்கள். அகதா குனிந்து பார்த்தபோது தங்கையின் வெள்ளைக் காலுறை நனைந்துகொண்டிருந்தது.